புளித்த வாசனைக்கு ஓர் எண்

இரண்டாவது தாளில் இருக்கிறது. முதல் தாளில் எதுவும் இல்லை, வெறும் காகிதம், என் மூச்சுதான் எனக்குத் திரும்பி வந்தது. இரண்டாவதில் இருக்கிறது. சந்தேகமே இல்லை, ஆனாலும் மீதி மூன்றையும் முகர்ந்த பிறகுதான் எழுத வேண்டும் என்பது விதி, விதியை மீறி எனக்குப் பழக்கமில்லை, அவசரப்படாதே மேகலா, ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம், சுவரில் ஓடுகிற எண்களில் இன்னும் நான்கு நிமிடம் நாற்பது வினாடி இருக்கிறது. விரல் நீளத்தில் ஐந்து தாள்கள். இரண்டின் நுனியை மட்டும் வாசனைத் திரவத்தில் தோய்த்திருப்பார்கள், மற்ற மூன்றும் சும்மா. எந்த இரண்டு என்று கண்டுபிடித்து, அது என்ன வாசனை என்று எழுதி, எவ்வளவு பலம் என்று ஓர் எண், எவ்வளவு பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று இன்னோர் எண். இப்படி ஐந்து வாசனைக்கு ஐந்து சுற்று. பூ முடிந்தது. கருகிய சர்க்கரை முடிந்தது. இது மூன்றாவது. மூன்றாவது தாளில் இல்லை. நான்காவதில் இல்லை. ஐந்தாவதை மூக்கருகே கொண்டுபோகிறேன், இது பரீட்சை, இதைவிடப் பெரிய பரீட்சையெல்லாம் எழுதியிருக்கிறேன். இருக்கிறது. ஐந்தாவதிலும் அதே வாசனை. இரண்டும் ஐந்தும். வட்டம் போட்டுவிட்டேன். எளிதாகத்தான் இருந்தது. தாளைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான், வைக்கவில்லை, இன்னொரு முறை, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, புளிப்பு, ஈரம், அடியில் கொஞ்சம் அழுகல், அதற்கும் அடியில் ஏதோ பாலைப் போல ஒன்று. இதை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டதால் தெரிந்தது அல்ல. பயிற்சியில் இதே புட்டியைத் திறந்தபோது நான்கு பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அன்றைக்கு அது ஒரு புட்டி மட்டும்தான். இன்றைக்கு இந்த அறையில் வேறு எந்த வாசனையும் இல்லை. காற்றையே கரி வழியாக வடிகட்டி விடுகிறார்கள். என் தலையில் எண்ணெய் இல்லை, பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை, நேற்றிலிருந்து வெங்காயம் சாப்பிடவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இது மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காலையில் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, கூடப் பயிற்சி எடுக்கிற ஷகிலா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க" என்றாள். லிவிங்ஸ்டன், "எழவு வீட்லயாச்சும் ஊதுபத்தி இருக்கும்" என்றான். அவன் நாகர்கோவில்காரன், எதற்கும் பதட்டப்படமாட்டான், அவனைப் பார்த்தாலே எனக்குப் பதட்டமாக இருக்கும். "மேகலா, மனப்பாடம் பண்ணியாச்சா? பூ கூட்டல் ரெண்டு, சக்கரை கூட்டல் ஒண்ணு, புளிச்சது கழித்தல் மூணு, பீச் பழம் கூட்டல் ரெண்டு, சாணி கழித்தல் நாலு. விடை தெரிஞ்ச பரீட்சை பிள்ளே இது. மூக்கை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தாலும் பாஸ்." எல்லோரும் சிரித்தோம். உண்மைதான், ஹிரானோ சார் முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டார், ஜப்பானில் உள்ள குழு இந்த ஐந்துக்கும் கொடுத்த சராசரி எண்கள் இவை, இதிலிருந்து இரண்டுக்கு மேல் விலகினால் அந்த மூக்கைக் குழுவில் சேர்க்க முடியாது என்று. அவர் நல்லவர். முப்பது வயதுதான் இருக்கும், ஸ்ரீபெரும்புதூர்ப் புழுதியில் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே வாசனைப் பாடம் நடத்துவார், லிவிங்ஸ்டன் அவருக்கு 'அச்சு சார்' என்று பெயர் வைத்திருக்கிறான். கார் இருக்கை செய்கிற கம்பெனியில் மூக்குக்கு என்ன வேலை என்று அம்மாகூடக் கேட்டாள். புதுக் காரில் ஒரு வாசனை வருமில்லையா அம்மா, நம் ஊரில் அது பிடித்துப்போய் இழுத்து இழுத்து முகர்வார்கள், ஜப்பானில் அது ஆகாது, வாடிக்கையாளர் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் ஒவ்வொரு நுரைத் துண்டையும் தோல் துண்டையும் மனுசர் முகர்ந்து பார்த்து எண் போட வேண்டும், இயந்திரத்தால் முடியாது. "மோந்து பாக்கறதுக்கா அவ்வளவு படிச்ச?" என்றாள். சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஒப்பந்தம் பதினொரு மாதம், அதில் ஒன்பது முடிந்துவிட்டது. குழுவில் சேர்ந்தால் நிரந்தரம், ஆறு மாதம் நகோயாவில் பயிற்சி. சேராவிட்டால் சொந்த ஊரான ஆத்தூருக்குப் போகிற பேருந்து. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்.

வாசனை என்ன என்ற கட்டத்தில் ஜப்பானிய மொழியில் எழுதினால் கூடுதல் மதிப்பு. எழுதிவிட்டேன். சுஎதா நியோய். நியோய் என்றால் வாசனை. சுஎதா என்றால் சோறோ மாவோ நாள்பட்டு, புளித்து, கெட்டுப்போக ஆரம்பித்த நிலை. மீன் கெட்டால் அந்தச் சொல் அல்ல, மீனுக்கு நமாகுசாய். பூஞ்சை பிடித்தால் கபிகுசாய். அடிப்பிடித்தால் கோகெகுசாய். வகுப்பில் இந்தச் சொற்களின் பட்டியலைக் கொடுத்த அன்று நான் சுஎதாவிலேயே நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து என் மூக்குக்குள் பெயரில்லாமல் கிடந்த ஒன்றுக்கு கடலுக்கு அப்பால் யாரோ ஒரு சொல் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்ல ஆலையின் பெயரையே சொல்வார்கள். சேகோ நாத்தம். ஜவ்வரிசி ஆலை. குச்சிக்கிழங்கை, மரவள்ளியைத்தான் அப்படிச் சொல்வோம், தோல் சீவி, அரைத்து, பாலாக்கித் தொட்டியில் விட்டு, மாவு அடியில் தங்கி மேல் தண்ணீர் புளித்து வாய்க்காலில் ஓடும். சக்கையைத் திப்பி என்பார்கள், களத்தில் கொட்டிக் காய வைப்பார்கள், மழை பெய்தால் திப்பி நனைந்து ஊரே புளிக்கும், சேலத்துப் பேருந்தில் வருகிறவர்கள் எங்கள் நிறுத்தம் வந்ததும் சன்னலைச் சாத்துவார்கள். அம்மா கிழங்கு சீவுகிறவள். விடியும் முன் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தால் மாலை நான்கு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். எழுந்து நேராக வீட்டுக்கு வருவாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன், பையைக்கூடக் கழற்றாமல் அவள் மடியில் முகத்தைப் புதைப்பேன், சேலை முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கும், சில்லென்று, அந்த ஈரத்திலிருந்து வரும், இதோ இதே, புளிப்பும் பாலும் அடியில் கொஞ்சம் அழுகலும். "எந்திரி கண்ணு, நாறுது, குளிச்சிட்டு வந்தர்றன்" என்பாள். நான் எழுந்திருக்கமாட்டேன். அவளும் என்னைத் தள்ளியதில்லை. அப்போது எனக்கு அது நாற்றம் என்று தெரியாது. அது வாசனை என்றும் தெரியாது. அம்மா வந்துவிட்டாள் என்று மட்டும் தெரியும். ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், அவள் பெயர்கூட மறந்துவிட்டது, மறக்கவில்லை, பிரியதர்ஷினி, டீச்சரிடம் இடம் மாற்றித் தரச் சொன்னாள். ஏன் என்று டீச்சர் கேட்டார். அவள் மூக்கைத் தொட்டாள். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நிமிடம் பத்து வினாடி. பலம் என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன், தெளிவாக உணரக்கூடியது, அதில் பிரச்சினை இல்லை. அடுத்த கட்டம்தான். கழித்தல் மூன்று. எழுது. எழுதிவிட்டுப் படிவத்தைத் திருப்பி வை. எத்தனையோ படிவத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறாய், இந்தக் கம்பெனி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'உணவு பதப்படுத்தும் துறை' என்று எழுதியவள்தானே நீ. அது பொய் இல்லை. அது பொய் இல்லை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பதிலிருந்தே அது என்னவென்று தெரியவில்லையா. கல்லூரியில் பட்டமளிப்பு விழா அன்று அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆலையிலிருந்து நேராக வந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் பேருந்து தவறிவிடும் என்று பயந்திருக்கிறாள். சேலையை மட்டும் ஆலையிலேயே மாற்றியிருந்தாள், நல்லதாக ஒரு நீலச் சேலை, ஆனால் கை, தலைமுடி, செருப்பு. நான் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் தோழிகளோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் ஓரமாக அழைத்துப்போய், மெதுவாக, சத்தமே இல்லாமல், "ஏம்மா, குளிச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அந்த வாக்கியத்தில் இன்னும் கொடுமையான சொல் ஏதாவது இருந்ததா என்று தேடுகிறேன், இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்கச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா, "ஆமா கண்ணு, நானும் நெனச்சன்" என்றாள். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனாள். அங்கே கை கழுவ வைத்திருந்த பச்சைத் திரவத்தை எடுத்துக் கை, முகம், கழுத்து எல்லாம் தேய்த்துக் கழுவினாள், சேலை நனைந்துவிட்டது, நனைந்த சேலையோடு உள்ளே வர வெட்கப்பட்டுக்கொண்டு விழா முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றாள். நான் மேடையில் ஏறினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறாத மேடை. பெயரைக் கூப்பிட்டபோது அது அவளுக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் சோப்பு வாசனை இல்லாமல் வந்ததே கிடையாது. நாலு வருடம். விடுதிக்கு வந்தால் சந்தன சோப்பு, பவுடர், கைக்குட்டையில்கூட ஏதோ சென்ட். ஊருக்கு நான் போனால், வருகிற நேரத்தைப் போனில் கேட்டு வைத்துக்கொண்டு, குளித்து, தலை காய்ந்து, விருந்தாளிக்கு நிற்கிற மாதிரி வாசலில் நிற்பாள். காலையில் பேசினாள், பரீட்சை என்று அவளுக்குத் தெரியும். "நேரம் இருக்கா கண்ணு? இல்லாட்டி அப்புறம் பேசட்டா?" "இருக்கும்மா, சொல்லு." "ஒண்ணுமில்ல. நல்லா எழுது. சாப்ட்டியா?" "ம்." "சரி, உனக்கு வேல இருக்கும். வெச்சிரட்டா?" என்னிடம் அனுமதி கேட்டுத்தான் வைக்கிறாள். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவிடம் பேசுகிற குரல் அது. ஜப்பானிய மொழியில் இதற்கும் ஒரு சொல் இருக்கிறது, மிசுகுசாய், தண்ணீர் நாற்றம் அடிப்பது என்று நேர்ப்பொருள், நெருங்கியவர்கள் அந்நியரைப் போல மரியாதையாக நடந்துகொண்டால் அப்படிச் சொல்வார்களாம். ஹிரானோ சார் உதாரணத்துக்குத் தன் தங்கை தனக்கு நன்றிக் கடிதம் போட்டதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. நான் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதினேன். பச்சைத் திரவமும் தண்ணீரும் சொட்டுகிற கைகள். ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் ஒட்டிக்கொண்ட வாசனைக்கு உத்சுரிகா. பள்ளிக்கூடத்தில் பிரியதர்ஷினி முகர்ந்தது அதுதான், என் வாசனையே அல்ல, அம்மாவின் மடியிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனது. எவ்வளவு பாடுபட்டு அதை என் மேலிருந்து போக்கினேன். போய்விட்டது. எல்லாம் போய்விட்டது. போன பொங்கலுக்கு வீட்டில் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கொடியில் தொங்கிய வேலைச் சேலையை எடுத்து முகர்ந்தேன், திருடி மாதிரி, துவைத்துக் காய்ந்திருந்தது, வெயில் வாசனைதான் இருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாள். போன் போட்டால் எடுக்கிறாள். அவளை நினைத்து இப்படி ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வேன், என்ன பைத்தியம் என்பார்கள். இருக்கிறவளைத் தேடுவதற்கு எந்த மொழிப் பட்டியலிலும் சொல் கிடைக்கவில்லை.

ஒரு நிமிடம் ஐம்பது. எழுது. கழித்தல் மூன்று என்று எழுதினால் அது நாலு பேருக்கு முன்னால் மூக்கைத் தொட்டுக் காட்டுவதுதான். அப்படியெல்லாம் பெரிதாக நினைக்காதே, இது ரசாயனம், புட்டியில் வந்தது, ஜப்பானில் எங்கோ ஒரு கம்பெனி செய்தது, அதற்கு உன் அம்மாவைத் தெரியாது. அம்மாவே இங்கே உட்கார்ந்திருந்தால் கழித்தல் நாலு போட்டுவிட்டு, "போதுமா கண்ணு, இன்னும் கொறைக்கணுமா?" என்பாள். அவளுக்காகத்தான் இந்த வேலை. கிழங்கு சீவிச் சீவி இடது கட்டை விரல் நகம் வளர்வதே இல்லை, நிரந்தரமானால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டால் அந்த வாசனையும் நின்றுவிடும். இதை நினைக்கலாமா நான். அவள் முதுகு வலியை விட எனக்கு இந்த வாசனை முக்கியமா. இல்லை. ஆனால் படிவத்தில் முதுகு வலியைக் கேட்கவில்லை. கேட்டிருப்பது ஒன்றுதான், மேலே தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள், 'உங்களுக்கு இது எவ்வளவு இனிமையாக இருக்கிறது.' உங்களுக்கு. குழுவுக்கு என்று போடவில்லை. நகோயாவில் இருக்கிறவர்களுக்கு என்று போடவில்லை. நாற்பது வினாடி. தாளை இன்னொரு முறை எடுத்தேன். நுனி காய ஆரம்பித்துவிட்டது, புளிப்பு கொஞ்சம் தணிந்து அடியிலிருந்த பால் மேலே வந்திருந்தது, அழாதே, அழுதால் மூக்கு கெட்டுவிடும், இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது. எழுதினேன். கூட்டல் நான்கு. அதற்கு மேல் அந்த அளவுகோலில் எண் இல்லை.

மணி அடித்ததும் ஹிரானோ சார் முகமூடியோடு வந்து படிவங்களை எடுத்தார். என்னுடையதைப் பார்த்து நின்றுவிட்டார். பென்சிலால் அந்த எண்ணைத் தொட்டு, தணிந்த குரலில், "மேகலா சான், மச்சிகாய் தெஸ் கா?" என்றார். தவறா என்று கேட்கிறார். தவறு என்று சொன்னால் போதும், திருத்தக் கொடுத்துவிடுவார், கொடுப்பதற்காகத்தான் கேட்கிறார், அவர் கண்ணில் அது தெரிந்தது, அடுத்த மேசையிலிருந்து லிவிங்ஸ்டன் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். "இல்லை" என்றேன் தமிழில். பிறகு ஜப்பானிய மொழியில், "ஹஹா நோ நியோய் தெஸ்." என் அம்மாவின் வாசனை. வகுப்பில் ஒரு முறைகூட இவ்வளவு சரியாக நான் வாக்கியம் சொன்னதில்லை. அவர் முகமூடியைக் கீழே இறக்கி, இரண்டாவது தாளை எடுத்து, மெதுவாக முகர்ந்தார். தும்மல் வரவில்லை. "முஸுகஷீ தெஸ் நே" என்றார், கஷ்டம்தான் என்பது அதன் பொருள், முடியாது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தாளைக் கசக்காமல் மற்ற தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு போனார். பத்து நிமிடம் மூக்குக்கு ஓய்வு.

நடைவழியில் தட்டில் வைத்திருந்த போனை எடுக்கும்போது பின்னாலேயே லிவிங்ஸ்டன் வந்தான். "உனக்கென்ன கிறுக்கா பிள்ளே? கழித்தல் மூணு, எத்தனை வாட்டி சொன்னேன்?" "ஞாபகம் இருந்துச்சுடா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அம்மா எடுக்க நேரமானது. பின்னால் ஆலை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன கண்ணு, பரிச்ச முடிஞ்சிதா? இந்நேரத்துல கூப்புடறியே?" "முடியலம்மா. அம்மா, நான் சனிக்கிழமை வர்றேன். மத்தியானம் நேரா ஆலைக்கே வந்துர்றேன்." "ஆலைக்கா? எதுக்கு? நான் குளிச்சிட்டு ஊட்ல இருக்கறன் கண்ணு, நீ நேரா ஊட்டுக்கு வா." "குளிக்காதம்மா." "தண்ணியெல்லாம் இப்ப நல்லா வருது." "தண்ணிக்கு இல்லம்மா. நான் வர்றவரைக்கும் குளிக்காம இரு. அப்படியே இரு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "அன்னிக்கு காலேஜ்ல நான் உன்ன..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "யாருக்கா, உம் மவளா? என்னங்குது?" என்றது. "வர்றவரைக்கும் குளிக்காம இருக்கோணுமாம்" என்றாள் அம்மா. யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். "படிச்சதுங்களுக்குப் புத்தி பெரண்டு போவும்னு சும்மாவா சொல்றாங்க!" பிறகு அம்மாவின் குரல் போனுக்கு மிக அருகில் வந்தது, நாலு வருடமாக நான் கேட்காத குரல், எரிச்சலும் சத்தமுமாக, "ஏண்டி, கூறு இருக்குதா உனக்கு? பரிச்சய உட்டுப்போட்டு போன்ல என்னடி பேச்சு? போ உள்ள. வையி போன."

அனுமதி கேட்காமல் அவளே வைத்துவிட்டாள்.